சத்தத்தைக் கூட்டச் சொன்ன மகனுக்கு

மகனுக்கு ஆத்தா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருக்கிறதைத்தான் உன் தங்கச்சி போனில் முழுசாக உட்கார்ந்து பார்த்தேனே. பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, குடிக்கத் தண்ணீர் வெள்ளி டம்ளரில். நீ பேசின காரைக்குடி மண்டபத்தில் போட்ட நாற்காலி அத்தனையும் நிறைந்து கிடந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், ஒற்றும் கொம்பும் விட்டுப்போகும். உன் தங்கச்சி அதைச் சரிபண்ணி, போனில் அடித்து, உன் வீடியோவுக்குக் கீழேயே போட்டுவிடுவாள். பிழையைத் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பெற்ற மகனுக்கு எழுதுவதை ஊர் பார்க்க எழுதலாமா என்று கேட்பாய். பெற்றவளைப் பற்றி ஊர் கேட்க நீ பேசலாம் என்றால் நான் எழுதலாம்.

முந்தாநாள் நீ போன் போட்டாய். "அம்மா, எப்படி இருக்கீங்க?" என்றாய். எப்பயிருந்துடா நான் உனக்கு அம்மா, எப்பயிருந்து நான் உனக்கு நீங்க? மானகிரி வீட்டில் நீ தவழ்ந்த நாளிலிருந்து நான் ஆத்தாதான். மைக் பிடித்த பிறகு வந்த மரியாதை இது, எனக்கு வேண்டாம். "வர்ற ஆடி வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்துல பேசுறேம்மா. அதே பாட்டுத்தான். எங்க போனாலும் அதைத்தான் கேக்குறாங்க. நீங்க மேடையில உக்காரணும், பொன்னாடை போத்துவாங்க" என்றாய். "நான் எதுக்குடா அங்குட்டு? எனக்கு என்ன பேசத் தெரியும்?" என்றேன். அதற்கு நீ சொன்னாய் பார், அதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "நீங்க பேசவே வேண்டாம்மா. சும்மா உக்காந்திருந்தாப் போதும். உங்க முகத்தைப் பாத்தாலே சனத்துக்குப் புரிஞ்சிரும்."

என்ன புரியும் என்று எனக்குப் புரியவில்லை. அதுவரைக்கும் அந்த வீடியோவை நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாயந்திரமே உன் தங்கச்சியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். போட்டாள். நடுவில் ஓர் இடம் வந்ததும் "வேணாத்தா, நிறுத்திருவோம்" என்றாள். "கையை எடுடி" என்றேன்.

உங்கப்பாவுக்குப் பிடித்த அந்தச் சினிமாப் பாட்டைத்தான் நீ எடுத்துக்கொண்டு பேசினாய். வாசலில் விளக்காய் நின்றேனடி, நீ வாயால் ஊதிப் போனாயடி. எரிந்ததும் உனக்கே, அணைந்ததும் உனக்கே, இருட்டும் உன் வீடடி. நாலு வரி. இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு நீ முக்கால் மணி நேரம் ஓட்டினாய். வாசல் என்றால் வீட்டு வாசல் இல்லையாம், ஒன்பது வாசல் கொண்ட இந்த உடம்பாம். விளக்கு ஜீவனாம். ஊதி அணைத்தது பொம்பளை இல்லையாம், பரம்பொருளாம். நான் என்ற அகந்தையை ஊதித் தள்ளியதாம். அடி அடி என்று அவன் பாடுவது அம்பாளின் திருவடியையாம். அதற்கு ஒரு கைதட்டல்! நான் அந்தப் படத்தைப் பார்த்தவள்டா. காரைக்குடியில், பெஞ்சு டிக்கெட்டில், உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்தப் பாட்டு வரும்போது கதாநாயகன் கையில் பாட்டில் இருக்கும். வேட்டி அவிழ்ந்து தெருவில் புரளும். அந்தப் பெண் வீட்டு வாசலில் குப்பைத்தொட்டியை எட்டி உதைத்துவிட்டுத்தான் முதல் வரியையே எடுப்பான். அந்தப் பெண் என்ன தப்புப் பண்ணினாள்? இவனை வேண்டாம் என்றாள். அவ்வளவுதான். குடிகாரன் வந்து கத்துகிறானே என்று உள்ளே விளக்கை நிறுத்திவிட்டுப் படுத்தாள். அவளைப் பிடித்து நீ அம்பாள் ஆக்கிவிட்டாய். அவன் குடித்திருந்ததற்கும் வைத்திருந்தாய் ஒரு பதில்: அது பக்தி என்னும் போதை. அப்படிப் பார்த்தால் நம்ம ஊர் கண்மாய்க் கரையில் சாயந்திரமானால் பத்து நாயன்மார் விழுந்து கிடக்கிறார்கள்.

விளக்கைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா? கல்யாணமாகி நாலு வருஷம் வயிற்றில் ஒன்றும் இல்லாமல், உங்கத்தை வாயில் விழுந்து எழுந்து கிடந்த காலத்தில், மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர் போனேன். தெப்பக்குளத்துக் கரையில் சனம் வேண்டுதலுக்காக விளக்கேற்றி வைத்திருக்கும். யாரோ ஏற்றின அதில் ஒன்றை வேண்டிக்கொண்டு எடுத்துவந்து வீட்டில் வைத்துக் கும்பிடுவோம். நினைத்தது நடந்தால் மறு வருஷம் அங்கேயே கொண்டுபோய் ஏற்ற வேண்டும். நான் அப்படி எடுத்துவந்த விளக்குக்குப் பிறந்தவன் நீ. உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மறு மகத்துக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். இந்தக் கையால் எத்தனையோ விளக்கைக் குளிர வைத்திருக்கிறேன். பூவால் திரியைத் தொட்டு அமர்த்துவோம், திரியை உள்ளே இழுத்து எண்ணெயில் முக்குவோம். எந்தப் பொம்பளையும் வாயால் ஊத மாட்டாள். வாயால் ஊதினாள் என்று அந்தப் பாட்டுக்காரன் எழுதினால், அவளைத் திட்டி எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். நம் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஊதி அணைப்பது அருள் என்கிறாய். உன் ஆத்தா சோறுபோட்ட வீட்டில் நீ எதையும் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்து போயிருக்கிறாய்.

சினிமாப் பாட்டில் சாமி இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சரை உனக்குத் தெரியும், உனக்கு மூணாம் வகுப்பு எடுத்தவள்தான். அவள் மகன் பைக் விபத்தில் செத்த வருஷம், இதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். வேதக்காரியாச்சே, இந்தக் குடிகாரன் பாட்டை எதுக்குப் பாடுறாள் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டே விட்டேன். "அந்த இருட்டும் உன் வீடுன்னு வருதுல்ல, அந்த ஒத்த வரிக்குத்தான் பாடுறேன். எம்புள்ள இருட்டுல கிடக்கானோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன். அதுவும் ஆண்டவர் வீடுதானேன்னு இருக்கு" என்றாள். அவளுக்கு அந்த வரியில் ஆண்டவர் வந்தார், நான் பார்த்தேன். ஆனால் அவள் அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகவில்லை. உனக்கும் இதுதான் அர்த்தம் என்று என் வாயில் திணிக்கவில்லை. மறுநாள் வெண்டைக்காய் விலை பேசினாள். அவள் துக்கத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட அர்த்தம். நீயோ என் துக்கத்துக்கு நீ அர்த்தம் சொன்னாய். அதுதான் உனக்கும் அவளுக்கும் வித்தியாசம்.

உன் தங்கச்சி நிறுத்தப் பார்த்த இடத்துக்கு வருகிறேன். குரலைத் தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, நீ சொன்னாய்: "எங்க அப்பா இறந்த அன்னைக்கு, கதறிக்கிட்டிருந்தாங்க எங்க அம்மா. இந்தப் பாட்டு ஒலிச்சது. அந்த இரண்டாவது வரி வந்ததும் சட்டுன்னு அமைதியாயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. விளக்கு அணையறது முடிவு இல்லைன்னு படிக்காத என் தாய்க்குப் புரிஞ்சது." மண்டபமே எழுந்து நின்று தட்டியது. வீடியோவுக்குக் கீழே எவனெவனோ என்னை வணங்குகிறேன் என்று எழுதியிருக்கிறான். முன் வரிசையில் உங்கத்தை உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். உங்கப்பாவின் அக்காள். என் மதினி. எண்பதைத் தாண்டியும் கல்லுமாதிரி இருக்கிறாள், இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

நான் ஏன் வாயை மூடினேன் என்று உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கைதட்டினவர்களுக்குத்தான் தெரியாது. அவர்களுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்கத்தை மகள் கல்யாணம் நம் வீட்டில்தான் நடந்தது. நீ அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன், பந்தலில் ஓடிக்கொண்டிருந்தாய். நாச்சியாபுரத்திலிருந்து எங்காத்தாவும் என் அண்ணனும் முந்தின நாளே வந்திருக்க வேண்டும், வரவில்லை. உங்கப்பாவைக் கேட்டேன். "மாடு கன்னு போடப்போகுதாம், நாளைக்கு வருவாக" என்றார். விடியற்காலையில் எங்காத்தா செத்துப்போயிருக்கிறாள். அண்ணன் சைக்கிளில் ஆள் அனுப்பியிருக்கிறான். அந்த ஆளைப் பந்தல் வாசலிலேயே மறித்து, உங்கப்பாவும் உங்கத்தையும் சேதியை வாங்கிக்கொண்டார்கள். தாலி ஏறட்டும், எழவுச் சேதி பந்தலுக்குள்ளே வரக்கூடாது என்றாள் உங்கத்தை. தாலி ஏறியது. பந்தி நடந்தது. பந்தி முடிந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கிளம்புகிற வரைக்கும் பொறு என்றாளாம். பொழுது சாய்கிற வரைக்கும் எங்காத்தாவை வாசலில் கிடத்தி, தங்கச்சி வருவாள் என்று எனக்காக என் அண்ணன் காத்திருந்திருக்கிறான். நாச்சியாபுரம் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறி, உட்கார்ந்து, முந்தானையைச் சரிபண்ணுவதற்குள் வந்துவிடும் ஊர். நான் இங்கே தலை நிறைய மல்லிகைப் பூவோடு சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தேன்.

பந்தியில் கறுப்பரிசியைக் குழைய வேகவைத்துச் சீனி சேர்த்த கவுனரிசி போட்டார்கள். எங்காத்தாவுக்குப் பல் கிடையாது, அப்பம் முறுக்கு எதையும் கடிக்க முடியாது. கவுனரிசி என்றால் மட்டும் கரண்டி கரண்டியாக உள்ளே போகும். மாடு கன்று போட்டதால் வர முடியாமல் போன கிழவிக்கு என்று, தேங்காய்ப்பூ நிறையத் தூவி, ஒரு தூக்குவாளியில் எடுத்து வைத்தேன். உங்கப்பா வந்து பக்கத்தில் நின்றார். "யாருக்கு?" என்றார். "ஆத்தாவுக்கு. நாளைக்குக் குடுத்துவிடுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தூக்குவாளியைப் பார்த்தார். "மூடிய நல்லா அழுத்து, சிந்திரும்" என்றார்.

படித்துவிட்டாயா? இன்னொரு தரம் படி. செத்துக் கிடக்கிறவளுக்குச் சோறு எடுத்து வைக்கிறேன், அது அவருக்குத் தெரியும், மூடியை அழுத்தச் சொல்கிறார். நானும் அழுத்தினேன். இருட்டின பிறகு "உங்காத்தாவுக்கு ஒடம்பு சரியில்லையாம், கிளம்பு" என்று பஸ் ஏற்றினார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நாச்சியாபுரத்தில் இறங்கினதும் தெருவில் ஒருத்தி என் தலையைப் பார்த்துவிட்டு, "என்னடி, எல்லாம் முடிஞ்ச பெறகு வாரே? பூவோடயா வாரே?" என்றாள். அப்படித்தான் எனக்கு ஆத்தா செத்தது தெரிந்தது. வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். என் அண்ணன் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கல்யாணச் சோறுதான் பெருசு என்று நான் வரவில்லை என நினைத்தான். சாகிற வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு செத்தான்.

உங்கப்பாவிடம் நான் கேட்காமலா இருந்தேன்? கேட்டேன். "விசேச வீட்டுல என்ன செய்யச் சொல்றே? அக்கா வேணாம்னுச்சு" என்றார். அதோடு அவருக்கு முடிந்துபோனது. எனக்கு முடியவில்லை. பேசாமல் இருந்தேன். ஒரு மாதம் போல ஆனதும் சமாதானம் பண்ண என்னைக் காரைக்குடிக்குச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். அந்தப் படம்தான். உன் அம்பாள் படம்தான். அந்தப் பாட்டுக்கு உங்கப்பா தேம்பித் தேம்பி அழுதார். எங்காத்தாவுக்கு வராத கண்ணீர் குப்பைத்தொட்டியை உதைத்தவனுக்கு வந்தது. திரும்பி வருகிற வழியில், "படத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்ல, இன்னும் மொகத்தைத் தூக்கிட்டே வாரே" என்றார். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அதை முணுமுணுத்தார். குளிக்கும்போது, வயலுக்குப் போகும்போது, உன்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போகும்போது. நீ இதைப் படித்துவிட்டு, ஆகா, அப்பா குற்ற உணர்ச்சியில்தான் அதைப் பாடினார், அது அம்மாவிடம் அவர் கேட்ட மன்னிப்பு என்று ஒரு புது அர்த்தம் கண்டுபிடிப்பாய். எனக்குத் தெரியும் உன்னை. சொல்லிவிடாதே. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அவருக்கு வாய் இருந்தது. நல்ல வாய். மாட்டைத் திட்டினால் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

தனியாகக் கேட்டுப் பயனில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நடந்தது நாலு பேர் நடுவில். கேட்பதும் நாலு பேர் நடுவில்தான் கேட்க வேண்டும். பொம்பளைக்கு நம் ஊரில் அதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு, எழவு வீடு. ஒப்பாரியில் அவள் யாரையும் கேட்கலாம். மாமியாளைக் கேட்கலாம், செத்துக் கிடக்கிறவனையே கேட்கலாம். வாயைப் பொத்த யாருக்கும் உரிமை கிடையாது. முறைப்பார்கள், அவ்வளவுதான். அதனால் காத்திருந்தேன். உங்கப்பா சாக வேண்டும் என்று காத்திருந்தேன் என்று நினைக்காதே. அவருக்கு முடியாமல் போனபோது கழுவித் துடைத்தது நான்தான், நீ ஞாயிற்றுக்கிழமை வந்து பழம் வைத்துவிட்டுப் போனாய். நான் முந்தினால் வேண்டாம், அவர் முந்தினால் கேட்பேன் என்றுதான் வைத்திருந்தேன். அவர் முந்தினார்.

உறவெல்லாம் வந்திருந்தது. மைக்செட்டில் பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நாச்சியாபுரத்திலிருந்து என் அண்ணன் பிள்ளைகள் கோடித்துணி கொண்டுவந்திருந்தார்கள். தலைமாட்டில் உங்கத்தை. இதைவிட நல்ல நேரம் வராது என்று எடுத்தேன். "தேங்காப்பூ தூவி வச்சேன், தெவிட்டாத கவுனரிசி, தூக்குவாளி நெறச்சு வச்சேன், எங்காத்தா திங்குமுன்னு." ரெண்டு வரி. ரெண்டாவது வரியிலேயே உங்கத்தைக்கு முகம் வெளுத்தது. உன்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் சொன்னாள். "ஏப்பு, உங்காத்தா எங்குட்டுப் போறான்னு தெரியுதுல்ல? சம்பந்திமாரெல்லாம் வந்திருக்காக. பாட்டைக் கூட்டச் சொல்லு." நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். வேப்பமரத்தில் குழாய் கட்டியிருந்த மைக்செட்காரரைப் பார்த்து, கையைத் தூக்கி, விரலைத் திருகிக் காட்டினாய்.

அந்தக் கை எனக்குப் பழக்கம். சின்ன வயதில் நானும் உங்கப்பாவும் சண்டை போட்டால் நீ ஓடிப்போய் ரேடியோ குமிழைத் திருகிச் சத்தமாக வைப்பாய். பயந்த பிள்ளை என்று விட்டுவிட்டேன். காதைத் திருகியிருக்க வேண்டும்.

உங்கப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்று நீ அதைத்தான் போடச் சொல்லி வைத்திருந்திருக்கிறாய். தலைக்கு மேலே குழாய். வாசலில் விளக்காய் நின்றேனடி என்று இடி மாதிரி விழுந்தது. நான் மூன்றாவது வரியைச் சொன்னேன், என் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, என் குரல் என் காதுக்கே வரவில்லை. என்னைக் கட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகக் கையை எடுத்தார்கள். உங்கத்தை கலர் சோடா வாங்கிக் குடித்தாள். நான் வாயை மூடினேன். அழுகை வரவில்லை, உண்மைதான். எரிகிற அடுப்பில் எங்கே தண்ணீர் இருக்கும்? அதைப் பார்த்துத்தான் ஞானம் வந்துவிட்டது என்று மண்டபத்தில் சொன்னாய். அந்த ரெண்டாவது வரி வந்ததும் அமைதியானாள் என்றாயே, அது பாட்டின் ரெண்டாவது வரி இல்லையடா. என்னுடைய ரெண்டாவது வரி.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறாய், உனக்கும் கொஞ்சம் சொல்கிறேன், வாங்கிக்கொள். உன் பொண்டாட்டி அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டாதே. இதற்கு முன்னால் கூட்டியிருக்கிறாய், அவள் என்னிடம் சொன்னாள், ஆத்தாளிடம் சொன்னதற்காக அவளிடம் சண்டைக்குப் போகாதே. உன் மகள் எதையாவது கேட்க வந்தால் சாமி கதை சொல்லி அனுப்பாதே, கேட்கிறதற்குப் பதில் சொல். பாட்டுக்கு அர்த்தம் சொல்வது உனக்குப் பிழைப்பாகிவிட்டது. சொல்லிக்கொள், குடிகாரனைக் குருக்கள் ஆக்கு, எனக்கென்ன. உயிரோடு இருக்கிற மனுஷிக்கு அர்த்தம் சொல்லாதே. அவளுக்கு வாய் இருக்கிறது, அவளைக் கேள். உங்கப்பா போய் இத்தனை வருஷத்தில், ஆத்தா, அன்னைக்கு என்ன பாட வந்தே என்று ஒரு தரம் என்னைக் கேட்டிருப்பாயா? கேட்டால் பாட்டு நின்றுபோகும் என்று உனக்குத் தெரியும்.

இப்போது உன் அழைப்புக்குப் பதில். நான் வர மாட்டேன் என்று எழுதுவேன் என்றுதானே நினைக்கிறாய்? வருகிறேன். ஆடி வெள்ளிக்கு மேடையில் உட்காருகிறேன், பொன்னாடையும் போர்த்தட்டும். உங்கத்தை வழக்கம்போல முன் வரிசையில் இருப்பாள், கார் அனுப்பிக் கூட்டிவருவாய். என் அண்ணன் பிள்ளைகளை நாச்சியாபுரத்திலிருந்து நான் வரச் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு நாலு நாற்காலி போட்டு வை. உனக்கு ரெண்டு வழி விடுகிறேன். நீயே எழுந்து, அன்றைக்குப் பாட்டைக் கூட்டச் சொன்னது நான்தான், என் ஆத்தாவை வாயடைக்கத்தான் கூட்டினேன் என்று உங்கத்தையைப் பார்த்துச் சொல்லிவிடு. சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன், பொன்னாடையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். சொல்லாமல் அந்தப் பாட்டைப் போட்டாய் என்றால் நானே பாடுவேன். உங்கத்தை காது மந்தமாவதற்குள் அவள் கேட்டாக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அன்றைக்குக் குழாய் உன் பக்கம் இருந்தது. மேடையில் என் முன்னாலும் ஒரு மைக் வைப்பார்கள்.

முதல் ரெண்டு வரியை நீ கேட்டிருக்கிறாய். மிச்சம் ரெண்டு வரியை இங்கேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் தெரியாது என்று சொல்லாதே.

மூடிய அழுத்துன்னு மொகம் பாத்துச் சொன்னீகளே,
மூச்சு அடங்குனத மூடி வச்ச மன்னவரே.

இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

மேடையில் எனக்குப் போடுகிற நாற்காலி கைப்பிடி வைத்ததாக இருக்கட்டும். முழங்கால் வலி, எழுந்து நிற்கப் பிடிமானம் வேண்டும்.

ஆத்தா
மானகிரி